அண்ணியும் சாய்தளக் கணக்கும்

யார் வீட்டுக்குப் போனாலும் அண்ணி வாசலில் நின்று முதலில் நிமிர்ந்து பார்ப்பாள். கூரையைப் பார்ப்பாள், கூரைமேல் சாய்ந்திருக்கும் மரத்தைப் பார்ப்பாள், அதற்கும் மேலே இருக்கிற மேட்டைப் பார்ப்பாள். அதன் பிறகுதான் செருப்பைக் கழற்றுவாள். உள்ளே போனாலும் பின்சுவர் பக்கம் உட்காரமாட்டாள். கதவுக்குப் பக்கத்தில் எங்கேயாவது இடம் பிடித்துக்கொள்வாள். எங்கள் ஊரான தலைச்சோலையில் எல்லோருக்கும் இது வேடிக்கை. "ரைட்டர் ஊட்டு மருமக வந்துருக்குது, ஓடு எண்ணிட்டு வரட்டும், காப்பி போடுங்க" என்பார்கள்.

அண்ணி ஓமலூர்ப் பக்கத்துக்காரி. சமவெளியில் வளர்ந்தவளுக்கு எங்கள் மலை ஆரம்பத்திலிருந்தே ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணனைக் கட்டிக்கொண்டு முதல்முறை பஸ்ஸில் மேலே வந்தபோது, சேலத்தில் மூடிய கண்ணை ஏற்காட்டுக்கு வந்துதான் திறந்தாளாம். வீட்டுக்கு வந்த வாரத்திலேயே பரணில் இருந்த அண்டா, குண்டான் எல்லாவற்றையும் இறக்கித் தரையில் வைத்துவிட்டாள். நடக்க இடமில்லாமல் போனது. அம்மா ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றினாள். மறுநாள் அவை மறுபடியும் தரையில் இருந்தன.

நான் அப்போது ஏற்காட்டில் பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். இயற்பியல் எனக்குச் சுலபமாக வராது. கணக்கைச் சத்தமாகப் படித்தால்தான் மண்டையில் ஏறும். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அடுப்புக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அண்ணி காய் அரிந்துகொண்டே கேட்பாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனாலும் விசையும் இயக்கமும் பாடத்தை என்னைவிட அவள்தான் கவனமாகக் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

ஒருநாள் மின்தூக்கிக் கணக்கு வந்தது. அதன் கயிறு திடீரென அறுகிறது, உள்ளே நிற்பவர் உணரும் எடை எவ்வளவு என்பது கேள்வி. கத்தி பாதிக் கேரட்டில் நின்றுவிட்டது.

"எத்தனாவது மாடியில அறுந்துச்சு கண்ணு?"

"அது போடலைங்க அண்ணி."

"அந்த ஆளு என்ன ஆனாரு?"

"அவரோட எடை சைபருங்க. அதான் விடை."

"எடை சைபருன்னா? ஆளு இருக்காரா, இல்லையா?"

"புத்தகத்துல அதுக்கு மேல இல்லைங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "கவுறு அறுந்துச்சுன்னு எழுதத் தெரியுது. ஆளு என்ன ஆனான்னு எழுத மாட்டாங்களாக்கும்" என்றாள். சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது மறுபடியும் என்னிடம் கேட்டாள். "அவருக்குக் குடும்பம் இருந்துருக்குமில்ல?"

அவளுக்கு ஏன் இப்படி என்று ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஊரில் கிணறு வெட்டினார்களாம். அவளுடைய சித்தப்பா கீழே நின்று கூடையில் கல் நிரப்பிக்கொண்டிருந்தார். மேலே நின்றவர்களுக்கு இவள் டீத் தூக்கு கொண்டுபோனாள். இரும்புக் கயிறு ஒரு மாதிரி முனகுது என்று யாரோ சொல்ல, மற்றவர்கள் "ஒன்னும் ஆகாது, புதுக் கவுறு" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னாள். மீதியை நானே தெரிந்துகொண்டேன்.

"ஒன்னும் ஆகாது" என்ற அந்தப் பேச்சு அண்ணியின் வாயில் வரவே வராது. மலையில் எங்களுக்கெல்லாம் அது மூச்சு விடுகிற மாதிரி. கொண்டை ஊசி வளைவில் டயர் ஓரம் தட்டினால் ஒன்னும் ஆகாது, மின்னல் வெட்டினால் ஒன்னும் ஆகாது, காட்டெருமை குறுக்கே வந்தால் ஒன்னும் ஆகாது. ஒருமுறை எனக்குக் காய்ச்சல் ஏறி உளறிக்கொண்டிருந்தேன். அம்மா தலைமாட்டில் ஜெபம் செய்துவிட்டு, "ஒன்னும் ஆகாது சாமி" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். அண்ணி நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டாள். "நீங்களும் சொல்லுங்க அண்ணி, ஒன்னும் ஆகாதுன்னு" என்று கெஞ்சினேன்.

"நான் பக்கத்துலயே இருக்கறேன் கண்ணு" என்றாள்.

அது எனக்கு அப்போது ஆறுதலாக இல்லை. பயமாகத்தான் இருந்தது. அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, சொல்லமாட்டேன் என்கிறாள் என்று தோன்றியது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் காப்பித் தோட்டம் கிடுகிடுவென்று மேலே ஏறும். சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் சுற்றிய மிளகுக் கொடியுமாக இருக்கும். அந்தச் சரிவின் நடுவில், எங்கள் பின்னறைக்கு நேர் மேலே, ஒரு பாறை இருந்தது. ஆள் ஒருத்தன் குந்தவைத்து உட்கார்ந்த மாதிரி இருப்பதால் குந்துப்பாறை என்று பெயர். எங்களுக்கு முன்பே மலையில் இருந்த குடும்பங்கள் ஆடி மாதம் அதற்கு மஞ்சள் பூசுவார்கள். அப்பா எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். வீட்டைக் கட்டிய காலத்திலேயே அந்தப் பாறையைப் பற்றி யாரோ கேட்டார்களாம். "அத்தனை எடை. அது எங்க போகும்?" என்றாராம் அப்பா. ஊரே அதைத்தான் சொல்லும். நானும் அதை நம்பித்தான் பின்னறையில் பாய் போட்டுப் படுத்திருந்தேன்.

ஐப்பசி மழை தொடங்கிய நாட்களில் வீட்டுப்பாடத்தில் சாய்தளக் கணக்கு வந்தது. சாய்தளத்தில் ஒரு கட்டை இருக்கிறது, சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறோம், எந்தக் கோணத்தில் அது நழுவத் தொடங்கும்? கட்டையைக் கீழே இழுக்கும் விசையை ஒரு பக்கம் எழுதினேன், பிடித்து நிறுத்தும் உராய்வை இன்னொரு பக்கம் எழுதினேன். இரண்டு பக்கமும் நிறை வந்தது. இரண்டு பக்கமும் பேனாவால் அடித்தேன்.

"எதை அடிச்ச கண்ணு?" என்றாள் அண்ணி. அப்போது அவளுக்கு ஆறாம் மாதம். சுவரில் சாயாமல் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"நிறையைங்க. ரெண்டு பக்கமும் இருக்குதில்லைங்க, போயிரும்."

"போயிருமுன்னா?"

"கட்டை கனமா இருந்தாலும் லேசா இருந்தாலும் ஒன்னுதாங்க. சரிவு எவ்வளவு, புடிப்பு எவ்வளவு, அவ்வளவுதான் கணக்கு."

"அப்ப எடை கணக்குலயே இல்லையா?"

"இல்லைங்க."

அண்ணி எழுந்து பின்கதவைத் திறந்தாள். மூடுபனி வாசல்வரைக்கும் வந்து நின்றிருந்தது. பாறை தெரியவில்லை. அது இருக்கும் இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். விடை சரியா என்று புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அவள் உட்காரும் மணையைக் கவிழ்த்துப் போட்டு அதில் செம்மண் தடவிக் காயவைத்திருந்தாள். ஒரு சின்னக் கல், ஒரு பெரிய கல் இரண்டையும் மேலே வைத்து, மணையின் ஒரு முனையை மெதுவாகத் தூக்கினாள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வழுக்கின. அப்புறம் மண்மேல் தண்ணீர் தெளித்துவிட்டு மறுபடி தூக்கினாள். கொஞ்சம்தான் தூக்கியிருப்பாள். பெரிய கல் வழுக்கி வந்து என் கால் கட்டைவிரலில் விழுந்தது. வலியில் கத்தினேன். அண்ணி என் காலைப் பார்க்காமல் மணையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மழை பேஞ்சா புடிப்புதான் போகுது" என்றாள். அவள் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது.

அந்தச் சனிக்கிழமை தூறல் விட்ட நேரத்தில் என்னை மேலே கூட்டிக்கொண்டு போனாள். காப்பிச் செடிகளைப் பிடித்துப் பிடித்து ஏறினோம். வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவள் ஏறியதைப் பார்க்கவே எனக்குப் பதறியது. பாறையின் மேல்பக்கம், அது மண்ணோடு சேருகிற இடத்தில் ஒரு சந்து இருந்தது. அண்ணி மண்டியிட்டு இலைச்சருகை ஒதுக்கினாள்.

"மழைக்கு முன்னாடி வந்து பாத்தேன். வெரல்தான் போச்சு. இப்ப கைய வுட்டுப் பாரு."

"வேண்டாங்க அண்ணி."

"பாரு கண்ணு. எனக்கு மட்டும்தான் இப்பிடித் தோணுதான்னு தெரியோணும்."

கையை விட்டேன். மணிக்கட்டு வரைக்கும் போனது. உள்ளே ஜில்லென்று, வழவழவென்று ஈரமண். இன்னும் ஆழத்தில் எங்கோ தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் காதில் விழவில்லை, விரலில் தெரிந்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். கீழே எங்கள் வீட்டுக் கூரையும், அதன் புகைபோக்கியிலிருந்து வரும் புகையும் தெரிந்தன. நான் தலை வைத்துப் படுக்கிற இடம் நேர் கீழே இருந்தது. உருட்டிவிட்டால் போய்ச் சேருகிற தூரம்தான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. ஓட்டின்மேல் சின்னக் காய் விழுந்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

இயற்பியல் டீச்சரிடம் கேட்டேன். "பாறை கட்டை மாதிரி மேல உக்காந்திருக்காது. மண்ணுக்குள்ள எவ்வளவு இறங்கியிருக்குனு தெரியாம கணக்குப் போட முடியாது" என்றார். அதை நல்ல சேதியாகத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"தெரியாதுன்னுதான சொல்றாங்க?" என்றாள் அண்ணி.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது பின்னறையைக் காலி செய்ய வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். அண்ணன் மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறவன், பயம் என்பதே அவனுக்குக் கிண்டல்தான். "பாறைக்கு ஹேண்ட் பிரேக் போட்டுட்டு வரட்டுமா புள்ள?" என்றான். அம்மாதான் கோபப்பட்டாள்.

"வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டுப் பேசற பேச்சா இது? உன் வாயில நல்லதே வராதா?"

"அத்தை, நான் கையை வுட்டுப் பாத்தனுங்க. பாப்பாவும் பாத்துச்சு."

"எலிப் பொந்துல கைய வுட்டுட்டு வந்து மலை சாயுதுங்கற."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "கை போகுதுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பேச்சு அத்தோடு முடிந்தது.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் என் பாயும் தலையணையும் புத்தகங்களும் அண்ணன் அறையில் இருந்தன. அண்ணியின் பாய் பின்னறையில், நான் தலை வைக்கும் அதே இடத்தில் விரித்திருந்தது. அவள் அதில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் வந்து கத்தினான். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"விழாதுன்னுதான சொல்றீங்க? அப்ப நான் இங்க படுத்தா என்னங்க?" என்றாள் அண்ணி. மடித்த துணியையே மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அந்த அறைக்கு அவளைப் போலப் பயந்தவர்கள் யாரும் இல்லை. அதனாலேயே என்னை அங்கிருந்து எடுத்துவிட்டு அவள் போய்ப் படுத்தாள்.

அண்ணன் வேறு வழியில்லாமல் அவள் பக்கத்தில் படுத்தான். காலையில் அவன் கண் சிவந்திருந்தது. கிண்டல் எதுவும் வரவில்லை. பல் விளக்கிக்கொண்டே சரிவையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அப்பாவிடம் போய், "ராத்திரி பூரா சுவத்துக்குள்ள தண்ணி ஓடறாப்ல இருக்குதுங்கப்பா. இவ ஒரு பொட்டுக்கூடத் தூங்கல. என் கையப் புடிச்சுக்கிட்டே கெடந்தா" என்றான். அப்பா குடையை எடுத்துக்கொண்டு எஸ்டேட் ஆபீஸுக்குப் போனார். தொழிலாளர் குடியிருப்பில் காலியாகக் கிடந்த ஒரு லைன் வீட்டின் சாவியோடு திரும்பி வந்தார். "மழை முடியற வரைக்கும்" என்றார். பாறை விழும் என்று அவர் நம்பவில்லை. மருமகள் அதன்கீழ் படுத்திருப்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அம்மாவுக்கு ஆறவே இல்லை. கோழிகளைப் பழைய வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். தினமும் காலையில் போய்த் தீவனம் போட்டுவிட்டு, வீம்புக்கென்றே கொஞ்சநேரம் பின்னறையில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள்.

அப்படி அவள் போயிருந்த ஒரு காலைப்பொழுதில்தான் அது நடந்தது. மழை விட்டு வெயில்கூட எட்டிப் பார்த்த நேரம். நானும் அண்ணியும் லைன் வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். டிப்பர் லாரி ஜல்லியைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஆனால் அது நிற்கவில்லை. காலுக்கடியில் தரை அதிர்ந்தது. பிறகு மரங்கள் ஒடியும் சத்தம். பிறகு எதுவுமே இல்லை, பறவைச் சத்தம்கூட இல்லை.

"அத்தை" என்றாள் அண்ணி.

நான் ஓடினேன். அவள் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். "ஓடாதீங்க அண்ணி" என்று திரும்பித் திரும்பிக் கத்தினேன். அந்தப் பாதையில் நான் ஆயிரம் முறை நடந்திருப்பேன். அன்று அது முடியவே இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் இந்தத் திருப்பத்தைத் தாண்டினால் என்ன பார்க்கப்போகிறேன் என்று கால் பின்வாங்கியது.

முன்பக்கத்திலிருந்து பார்க்க வீடு அப்படியேதான் இருந்தது. கதவு திறந்திருந்தது. திறந்த கதவு வழியாக, பின்சுவர் இருக்கவேண்டிய இடத்தில் மஞ்சள் பூசிய கல் தெரிந்தது.

அம்மா முன்வாசலில் நின்றிருந்தாள். தலையெல்லாம் செம்மண். ஒரு கோழியை மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தாள், அது திமிறிக்கொண்டிருந்தது. "அம்மா" என்று உலுக்கினேன். அவள் பார்வை என்மேல் வரவில்லை. எனக்குப் பின்னால் மூச்சு வாங்க வந்து நின்ற அண்ணியையே வெறித்துக்கொண்டிருந்தாள். வெளியே ஓடிய கோழியைப் பிடிக்கத்தான் அவள் அறையிலிருந்து எழுந்து வந்தாளாம். அதை அவள் சொல்வதற்கே இரண்டு மூன்று நாள் ஆனது.

இதோடு எல்லோரும் அண்ணியைக் கொண்டாடியிருப்பார்கள் என்றுதான் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பார்க்க வந்தவர்கள் பாறையைச் சுற்றி வந்தார்கள், வாயில் கை வைத்தார்கள். அப்புறம் அண்ணி பக்கம் ஓரக்கண்ணால் பார்த்துக் குசுகுசுத்தார்கள். "தாத்தன் காலத்துல இருந்து நின்ன பாறை. இந்தப் பொண்ணு வந்து வாயத் தொறந்துச்சு, வந்துருச்சு பாரு." அவளுக்குக் கருநாக்கு என்று பேச்சுப் பரவியது. கெட்டதைச் சொன்னால் பலிக்கிற நாக்கு. கணக்கு, சாய்தளம், உராய்வு என்று நான் எத்தனையோ பேரிடம் விளக்கிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி கண்ணு, ஆனாலும் அது சொன்ன பொறகுதான விழுந்துச்சு?" என்பார்கள்.

வாசலில் நின்று அவள் நிமிர்ந்து பார்த்தால் இப்போது யாரும் சிரிப்பதில்லை. வீட்டுக்காரி முகம் வெளிறிப்போகும். "பாத்தது போதும், உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். கொஞ்ச நாளில் கூப்பிடுவதையே நிறுத்திக்கொண்டார்கள். அண்ணன் ஜீப்பில் அவள் முன்சீட்டில் உட்கார்ந்திருந்த ஒருநாள் மஞ்சக்குட்டையில் ஏற வந்த இரண்டு பெண்கள், "அடுத்த வண்டியில வர்றமுங்க" என்று பின்வாங்கினார்கள். அன்றிலிருந்து அண்ணி எங்கேயும் தலையைக் குனிந்துகொண்டுதான் போனாள்.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெரியாஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அம்மா பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு அழுதாள். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்து, "தாயி, புள்ளையப் பாத்து எதையும் சொல்லிராத. உன்னைக் கும்புட்டுக் கேக்கறேன்" என்றாள். அண்ணி தலையாட்டினாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அம்மாவைக் காப்பாற்றிய அந்தப் பயத்துக்கே இப்போது அம்மா பயந்துகொண்டிருந்தாள்.

எங்கள் பழைய வீட்டுக்குக் கீழே ஒரு அக்கா இருந்தாள். மலையிலேயே பிறந்து வளர்ந்த குடும்பம். கொஞ்சம் சாமை, நாலு பலாமரம், புருஷனுக்குத் தோட்டத்தில் கூலி வேலை. அவள் வீட்டின் பின்பக்கம் மேட்டை வெட்டிய இடத்தில் ஒரு கல் திட்டு நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்த மழைக்காலம் நெருங்கியபோது அவள் லைன் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"ஏனுங்க, எங்க ஊட்டை ஒருக்கா வந்து பாக்கறீங்களா?" என்றாள் அண்ணியிடம்.

எல்லோரும் ஒதுக்கியவளை ஒருத்தி கூப்பிட வந்திருக்கிறாள். அண்ணி என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பாகைமானி, நூல், கல் எல்லாம் வைத்து நான் சரிவை அளந்தேன். அளந்து என்ன செய்வது? மண்ணின் பிடிப்பு எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? "தெரியலைங்கக்கா" என்றேன்.

அந்த அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. "எங்களுக்குப் போக்கிடம் இல்லைங்க. லைன் ஊடு யாரு குடுப்பாங்க? ராத்திரியானா மேல பாத்துக்கிட்டே கெடக்கறேன். புள்ளைங்க தூங்குதுங்க, எனக்குக் கண்ணு மூடல. நீங்க சொன்னா நடக்குதுன்னு சொல்றாங்க. உங்க வாயால விழாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க, போதும்."

அண்ணி கல் திட்டைப் பார்த்தாள். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளைப் பார்த்தாள். காய்ச்சலில் கிடந்த எனக்குக்கூடச் சொல்லாதவள்.

"விழாதுங்க. தைரியமாப் படுங்க" என்றாள்.

அக்கா அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

திரும்பி வருகிற வழியில் அண்ணி வேலிக்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "சொல்லிட்டேன் கண்ணு. கெணத்து மேட்டுல நின்னவங்க மாதிரியே சொல்லிட்டேன். இனி அது விழுந்தா?" என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அவள் நேராகக் குந்துப்பாறை உருண்டபோது உடைந்த கற்கள் சிதறிக் கிடந்த இடத்துக்குப் போனாள். ஒரு கல்லைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி, அந்த அக்கா வீட்டுக் கல் திட்டின் அடியில் கொண்டுபோய் வைத்தாள். பிறகு இன்னொன்று. "என்ன பண்ணற புள்ள?" என்றான் அண்ணன். "விழாதுன்னு சொல்லியிருக்கறனுங்க. இனி நான்தான பாத்துக்கோணும்" என்றாள். அவன் சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டினான். மறுவாரம் அக்காவின் புருஷன் சேர்ந்துகொண்டான். அப்பா எஸ்டேட் கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினார். இப்படி அடுக்கினால் தண்ணீர் உள்ளே தேங்கிச் சுவரையே தள்ளிவிடும், வடிய ஓட்டை விட்டுக் கட்ட வேண்டும் என்று அவர் சொல்ல, கட்டிய வரைக்கும் பிரித்துவிட்டு அடியிலிருந்து கட்டினார்கள். ஊர்க்காரர்கள் சிலர் தள்ளி நின்று பார்த்தார்கள், பிறகு கிட்டே வந்து நின்று பார்த்தார்கள். கடைசியில் அம்மா வந்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் டீ ஊற்றினாள். முதல் டம்ளரை அண்ணியிடம்தான் நீட்டினாள்.

இப்போது அண்ணனும் அண்ணியும் பெண்ணின் படிப்புக்காக ஓமலூர்ப் பக்கம் போய்விட்டார்கள். அண்ணன் அங்கே பள்ளி வேன் ஓட்டுகிறான். போன மழைக்கு நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். சுற்றிலும் மேடு என்று ஒன்றே இல்லாத ஊர். கூடத்தில் அண்ணன் மகள் எதையோ சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். டிவியில் மலைப்பகுதியில் கனமழை என்றார்கள். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டுப் போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். அந்த அக்காவின் குரல், அவள் குரலுக்குப் பின்னால் மழை.

"சுவத்து ஓட்டையில தண்ணி வருதுங்களா?"

"வருதுங்க."

"தெளிவா வருதா, கலங்கலா வருதா?"

"இருங்க, போய்ப் பாத்துட்டு வர்றேன்."

போனைக் கீழே வைத்துவிட்டு அவள் போகிற காலடிச் சத்தம் கேட்டது. பிறகு மழை மட்டும். அண்ணன் மகள் படிப்பதை நிறுத்திவிட்டாள். கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அண்ணி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை.

அந்தப் பக்கம் கதவு கிறீச்சிட்டது. மூச்சு வாங்கியது.

"தெளிவாத்தான் வருதுங்க. சொம்புல புடிச்சுப் பாத்தேன்."

"சரிங்க. பொழுதுக்குள்ள இன்னொருக்கா பாருங்க. நான் கூப்புடறேன்" என்றாள் அண்ணி.

போனை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தாள். அடுப்பை மறுபடி பற்றவைக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது.